மலையகப் பாடலும் மலையக வரலாறும்

பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அணித்தாக, மீரியபெத்த என்னும் தேயிலைத் தோட்டம் உள்ளது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, அடைமழையில் ஊறித் தளர்ந்த மலைச்சரிவு பெயர்ந்து வந்து, அங்கிருந்த லயங்களை மூடிவிட்டது. பலர் உயிரோடு புதையுண்டனர். அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எனினும் மக்கள் அங்கேயே வாழ்ந்து வந்தனர். இத்தகைய அழிவில் எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத இழப்பு ஒன்றும் உண்டு. முதியோர் நெஞ்சில் மட்டுமே இருந்த பாட்டு, அவர்களோடு மண்ணுக்குள் போய்விடுகிறது. உயிரிழப்பின் முன் இது பெரிதோ என நேயர்கள் வினவலாம். உயிருக்கு ஈடு எதுவும் இல்லை. ஆயினும், மலையகத் தமிழர்க்குப் பாட்டை இழப்பது வரலாற்று ஏட்டை இழப்பதற்கு ஒப்பாகும் என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கடல் கடந்து வந்தனர். 1869இல் கோப்பியைத் தாக்கத் தொடங்கிய இலைநோய் அப்பயிரை நாளடைவில் அழித்தது. அதன் இடத்தில் தேயிலை பரவியது. 1890இல் தோமஸ் லிப்டன் ஊவாவிற்கு வந்து, அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். அவர் பெயரை உலகம் அறியும். அத்தோட்டங்களில் கொழுந்து கொய்தவரின் பெயரை யார் அறிவார்? தோட்டத்து ஏடுகளில் ஏக்கரும் இறாத்தலும் கூலியும் கங்காணியிடம் பட்ட கடனும் பதிவாயின. தொழிலாளியின் உள்ளம் பதிவானது பாட்டில் மட்டுமே.

அப்பாடல்கள் பொழுதுபோக்காகப் பிறந்தவை அல்ல. விடியற்காலையில் தப்பு முழங்கும். ஆட்கள் பிரட்டுக்களத்தில் கூடுவர். பின்னர் நிரை பிடித்துக் கொழுந்து கொய்யும்போது தெம்மாங்கு எழும். தொட்டிலருகே தாலாட்டும், சாவு வீட்டில் ஒப்பாரியும், திருவிழா நாளில் கும்மியும் ஒலிக்கும். மாசி மாதம் வந்தால் காமன் கூத்து ஆடப்படும். மெட்டுகள் தமிழகத்திலிருந்து வந்தவை. பொருளோ மலையில் விளைந்தது. ஆசை காட்டி அழைத்து வந்த கங்காணி, நிறுவையிலே குறைக்கப்பட்ட கொழுந்து, காலைக் கடிக்கும் அட்டை, குளிர், பிரிந்து வந்த ஊர் ஆகியவை பழைய மெட்டுகளில் புதிய சொற்களாகக் குடிபுகுந்தன.

இவ்வழக்கத்தை அறிந்தே அரசியலுக்குப் பயன்படுத்தியவர் மீனாட்சி அம்மையார். அவர் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார். வெளியார் தோட்டத்துக்குள் நுழைவதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. நடேசய்யர் துணி வியாபாரிபோல் சென்று தொழிலாளரைச் சந்தித்தார் என்பர். 1931இல் அவர் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியபின், கூட்டங்களில் அம்மையார் முதலில் பாடுவார். பாட்டைக் கேட்டு மக்கள் திரள்வர். அதன்பின் பேச்சு நிகழும். எழுத்தறியாதோர் மிகுந்த கூட்டத்தில், துண்டுப் பிரசுரம் செய்ய இயலாததைப் பாட்டு செய்தது. கேட்டவர் அதனைத் தம் லயத்துக்கு எடுத்துச் சென்றனர். 1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளரை வெளியேற்றும் நடவடிக்கை தொடங்கியது. மறு ஆண்டு, ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற தலைப்பில் அம்மையாரின் பாடல்கள் நூலாக வெளிவந்தன. உழைத்து உருவாக்கிய நாட்டில் உரிமை கேட்கும் குரல் அது.

அதே 1940ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் இதற்கு இணையான செயல் ஒன்று நிகழ்ந்தது. புழுதிப் புயலால் நிலம் இழந்து மேற்கே பெயர்ந்த உழவர்களின் துயரை, நாட்டுப்பாடகர் உட்டி கத்ரி பழைய மெட்டுகளில் புதிதாகப் பாடினார். விக்டர் நிறுவனம் அவற்றை இசைத்தட்டுகளாக வெளியிட்டது. இன்றும் அவர் குரலைக் கேட்கலாம். முறை ஒன்றே, நோக்கமும் ஒன்றே. ஆனால் அம்மையாரின் பாடல்கள் நம்மிடம் அச்சாகவே தங்கியுள்ளன. பாடலின் தலைப்பில் இன்ன மெட்டு என்று குறிப்பது அக்காலப் பாட்டுப் புத்தகங்களின் வழக்கம். அம்மெட்டை அறிந்தவர் உள்ளவரை அது பாட்டு. அவர் மறைந்தால் வெறும் எழுத்து.

இவ்வாபத்தை உணர்ந்தவர் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் அவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. குடும்பங்கள் பிரிந்தன, பாடியவர் ஒரு கரையிலும் கேட்டவர் மறுகரையிலும் ஆயினர். இந்நிலையில் வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாக வந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். நாடு இல்லை என்று சொல்லப்பட்டவர்க்கு, இம்மண்ணில் அவர்தம் முன்னோர் வாழ்ந்து உழைத்தமைக்குச் சான்றாகப் பாட்டு நின்றது.

சொற்களை அவர் காத்துத் தந்தார். ஓசையைக் காப்பது நம் கடமை. முன்னர் இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. இன்று கைபேசியே போதும். ஊவாவின் தோட்டப் பள்ளி மாணவர், தத்தம் பாட்டியரிடம் ஒரு தாலாட்டையேனும் கேட்டுப் பதிவு செய்து, பாடியவர் பெயர், தோட்டம், நாள் ஆகியவற்றையும் குறித்து வைக்கலாம். இளம் பாடகர்கள் அம்மெட்டுகளிலே இன்றைய வாழ்வைப் பாடலாம். அதுவே மீனாட்சி அம்மையார் சென்ற வழி. மலைச்சரிவின் கீழ் வாழ்வோர்க்குப் பாதுகாப்பான மனையும் நிலமும் கிடைப்பது முதற்கடமை. அதற்கு அடுத்த கடமை, அவர்கள் நெஞ்சில் சுமந்து வந்த பாட்டை அவர்கள் வாழும்போதே கேட்டு வைப்பதாகும்.