உரிமைச் சட்டமும் ஊதிய வழக்குகளும்

பயிரைக் காப்பதற்கென்றே வேலி அமைக்கப்படுகிறது. அவ்வேலியின் முள்ளைப் பிடுங்கி வழிப்போக்கரை அச்சுறுத்திப் பொருள் பறிப்போரும் உலகில் உண்டு. அவர்கள்மீது கொண்ட சினத்தால் வேலியையே அகற்றிவிட்டால் பயிரின் நிலை என்னாகும்? அமெரிக்க நாட்டில் உடற்பேறு குறைந்தோருக்கென இயற்றப்பட்ட சட்டத்தின் வரலாறு இவ்வினாவையே நம்முன் வைக்கிறது.

அச்சட்டம் எவரோ இரங்கி ஈந்த கொடையன்று. நடுவணரசின் பொருளுதவி பெறும் எந்த நிறுவனமும் உடற்பேறு குறைந்தோரை ஒதுக்கலாகாது என 1973ஆம் ஆண்டிலேயே விதி செய்யப்பட்டது. எனினும், அதனை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் நான்காண்டுகள் ஒப்பமின்றிக் கிடந்தன. 1977 ஏப்ரல் 5ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரின் அரசு அலுவலகக் கட்டடத்தினுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் புகுந்து அமர்ந்தனர். சக்கர நாற்காலியில் வந்தோரும் விழியிழந்தோரும் செவிப்புலனற்றோரும் அவர்களுள் இருந்தனர். ஏப்ரல் 28ஆம் நாள் ஒழுங்குவிதிகளில் ஒப்பமிடப்பட்டது. 1990 மார்ச் 12ஆம் நாள் வாஷிங்டனில் ஏறத்தாழ அறுபதுபேர் தம் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் விட்டிறங்கி, நாடாளுமன்றப் படிகளில் தவழ்ந்தே ஏறினர். அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள் அதிபர் ஜார்ஜ் புஷ் ஒப்பமிட, கடைகள், விடுதிகள், உணவகங்கள் ஆகிய தனியார் இடங்களையும் தழுவிய சட்டம் பிறந்தது.

சட்டம் பிறந்தது, அதனைக் காப்பவர் யார்? கடைதோறும் சென்று வாயிற்படியை அளந்து பார்க்கும் பெரும்படை எதனையும் அரசு அமைக்கவில்லை. அப்பணியைப் பெரும்பாலும் பாதிக்கப்பட்டோரின் வழக்குகளுக்கே விட்டுவிட்டது. தனியார் கடைமீது வழக்கிடும் ஒருவர் நடுவணரசின் சட்டத்தால் இழப்பீடு பெறவியலாது; குறையை நீக்கும் ஆணையும் வழக்குரைஞர் கட்டணமுமே பெறலாம். ஆனால், கலிபோர்னியா மாநிலத்தில் 1959ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமொன்று உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறுவது இதனையும் மீறுவதாகும் என 1992இல் வகுக்கப்பட்டது. இம்மாநிலச் சட்டமோ ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 4,000 டாலர் இழப்பீடு வழங்குவதாக வளர்ந்தது. பேராசைக்கு வழி திறந்தது இங்கேதான்.

சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய ஒருவர் ஏறத்தாழ நானூறு வழக்குகளைத் தொடுத்தார். 2003 மே மாதத்தில் ஐந்தே நாள்களில் தமக்கு ஏறக்குறைய ஒரே வகையான காயங்கள் ஏற்பட்டன எனப் பதின்மூன்று வழக்குகளில் அவர் முறையிட்டிருந்தார். வழக்கை நடத்தும் செலவைவிடச் சமரசத் தொகை குறைவு என்று எண்ணிப் பணம் கொடுப்பது சிறுவணிகரின் வழக்கம். 2004இல் நடுவணரசின் நீதிமன்றம், முன் இசைவின்றி இத்தகைய வழக்குகளை அவர் தொடுக்கலாகாது எனத் தடை விதித்தது. 2007இல் மேல்முறையீட்டு மன்றமும் அத்தடையை உறுதிசெய்தது. ஆயினும், அம்மன்றம் கூறிய மற்றொன்று நம் சிந்தனைக்குரியது. அவர் சுட்டிய கட்டடக் குறைகள் பலவும் உண்மையாகவே இருந்திருக்கக்கூடும். சட்டத்தின் நோக்கம் நிறைவேற ஒருவரே பல வழக்குகள் தொடுப்பதும் தேவையாகலாம் என்றது. காயம் மிகைப்படுத்தப்பட்டது, ஏறவியலாத படியோ மெய்யானது. இச்சிக்கலின் முடிச்சு இதுவே.

முடிச்சை அவிழ்க்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. இத்தனை டாலர் கொடு என்று தொகை குறித்து வழக்குரைஞர் மிரட்டல் மடல் விடுப்பதைக் கலிபோர்னியா 2012இல் தடுத்தது. குறையை விரைந்து திருத்தும் வணிகர் சிலருக்கு இழப்பீட்டை 1,000 அல்லது 2,000 டாலராகக் குறைத்தது. பன்னிரண்டு மாதங்களில் பத்து வழக்குகளோ அதற்கு மேலோ தொடுத்தவர் 1,000 டாலர் மிகைக்கட்டணம் செலுத்த வேண்டும் என 2015இல் விதித்தது. வழக்குகள் பல அக்கட்டணம் இல்லாத நடுவணரசின் நீதிமன்றங்களை நாடின. 2022இல் சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் அரசு வழக்குரைஞர்கள் ஒரு சட்ட நிறுவனத்தின்மீதே வழக்கிட்டனர். நீதிமன்ற நடவடிக்கையில் கூறப்படுவனவற்றுக்குச் சட்டக் காப்பு உண்டு என்னும் காரணத்தால் அது தள்ளுபடியாயிற்று. 2023இல் மேல்முறையீட்டிலும் அவ்வாறே முடிந்தது.

இந்நோய் புதிதன்று. இங்கிலாந்தில் பிறர் குற்றத்தைச் சுட்டி வழக்கிட்டுத் தண்டத் தொகையில் பங்கு பெற்றோர் நெடுங்காலம் இருந்தனர். அவ்வுரிமை 1951இல் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது. அமெரிக்காவில் அவ்வாறு ஒழித்தல் எளிதன்று. வழக்கிடும் உரிமை பறிபோனால், சட்டத்தின் முதன்மைக் காவலும் உடன் போய்விடும். எனவே, தன் கடமையைத் தனியாரிடம் ஒப்படைத்த அரசுக்கும் இக்குற்றத்தில் பங்குண்டு என்பதே என் துணிபு. கட்டடத்தை முன்கூட்டியே ஆய்ந்து திருத்தச் செய்யும் பொறுப்பை அரசு ஏற்குமாயின், பொய் வழக்கிற்கு இடம் சுருங்கும்.

வகுப்பறை கற்பித்த பாடம் ஒன்றுண்டு. பொய்யாக வயிற்றுவலி சொல்லி வீட்டுக்குப் போன மாணவர்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதனால், உண்மையாகவே நோயுற்று வரும் மாணவனுக்கு விடுப்பு மறுக்கும் ஆசிரியர் உண்டோ? பொய்யனைத் திருத்துவோம், நோயாளியை வீட்டுக்கு அனுப்புவோம். அன்று படிகளில் தவழ்ந்து ஏறியவர்கள் கேட்டது பணமன்று. பிறரைப்போல் வாயில் வழியே உள்ளே செல்லும் உரிமை மட்டுமே. அவ்வுரிமையை விலைபேசியவர்களின் குற்றத்திற்காக, அதற்கெனத் தவழ்ந்தவர்களைத் தண்டித்தல் முறையாகாது.