டைரிக்குப் பிறந்தது, கடைக்கு வந்தது

மெஸ் வாசலில் இரண்டு பலகைகள் இருக்கும். மேலே பெயிண்டர் எழுதிய பெயர்ப்பலகை. கீழே கரும்பலகை: இன்று வத்தக்குழம்பு, வாழைப்பூ வடை. மேலே உள்ளதில் ஒரு எழுத்தை மாற்றக்கூடப் பெயிண்டர் வர வேண்டும். கீழே உள்ளதை, சாக்பீஸ் கையில் கிடைத்தால் சப்ளையரே மாற்றிவிடுவார்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சின்ன நிறுவனங்களின் வலைத்தளங்கள் பெரும்பாலும் பெயிண்டர் பலகைகள்தான். “தம்பி, ஃபோன் நம்பர் மாறிடுச்சு, சைட்ல மாத்திடுங்க” என்பார் கடைக்காரர். தம்பி இருபது எச்டிஎம்எல் கோப்புகளைத் திறந்து, இருபதிலும் எண்ணை மாற்றி, எஃப்டிபி வழியாக ஏற்றுவார். ஒன்று விட்டுப்போகும். வாடிக்கையாளர் கண்ணில் படுவது அந்தப் பக்கம்தான்.

இதற்கு மருந்து என்ன என்பது அப்போதே தெரியும். எழுத்தைத் தரவுத்தளத்தில் வை, தோற்றத்தைத் தனியே வார்ப்புருவில் வை, பக்கம் வேண்டும்போது இரண்டையும் சேர். விக்னெட் போன்ற மென்பொருட்கள் பெரிய ஊடக நிறுவனங்களுக்கு அதைச் செய்து கொடுத்தன. பாத்திரக்கடைக்காரருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. அவருக்கு வழி திறந்தது வேறு பக்கத்திலிருந்து, இணையத்தில் டைரி எழுதிக்கொண்டிருந்தவர்கள் மூலமாக.

பிரான்சின் கோர்சிகா தீவைச் சேர்ந்த மிஷெல் வால்ட்ரிகி 2001-இல் ‘பி2’ என்றொரு வலைப்பூ மென்பொருளை எழுதினார். பிஎச்பி மொழி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், ஜிபிஎல் உரிமம். 2002 கடைசியில் அவரிடமிருந்து சத்தமே இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பி2-வை வைத்து எழுதிக்கொண்டிருந்த மேட் முல்லன்வெக் என்ற 19 வயது கல்லூரி மாணவருக்குக் கவலை வந்துவிட்டது. 2003 ஜனவரி 24 அன்று தன் வலைப்பூவில் புலம்பினார்: எழுதியவரைக் காணோம், மாதக்கணக்கில் புதுப் பதிப்பு இல்லை; நல்ல வேளை, உரிமம் ஜிபிஎல், அதனால் யாரும் கிளை பிரித்துத் தொடரலாம். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டிலிருந்து மைக் லிட்டில் மறுநாள் பதில் எழுதினார்: நிஜமாகவே செய்வதானால் நானும் வருகிறேன்.

மே 27-இல் முதல் பதிப்பு வந்தது. எண் 0.7. பி2 விட்ட இடத்திலிருந்து எண்ணினார்கள். தத்துப் பிள்ளைக்கு வயதைத் திருத்தவில்லை. வேர்ட்பிரஸ் என்ற பெயரைச் சொன்னவர் கிறிஸ்டின் செல்லெக் ட்ரெமூலே என்ற தோழி. வால்ட்ரிகியும் பிறகு திரும்பி வந்து கைகொடுத்தார்.

வேர்ட்பிரஸ் திறமையால் மட்டும் வென்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று கொடிகட்டிப் பறந்தது மூவபிள் டைப் என்ற வலைப்பூ மென்பொருள். அதைச் செய்த சிக்ஸ் அபார்ட் நிறுவனம் பென், மீனா ட்ராட் தம்பதி தொடங்கியது. இருவரின் பிறந்தநாளுக்கும் இடையே ஆறு நாள், பெயர்க்காரணம் அதுதான். 2004 மே மாதம் அதன் மூன்றாம் பதிப்பு, எத்தனை பேர் எழுதலாம், எத்தனை வலைப்பூ வைக்கலாம் என்று கணக்குப் பார்த்துக் கட்டணம் கேட்டது. கோபித்துக்கொண்டவர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். அதே மாதம் செருகுநிரல்களுக்கு இடம் கொடுத்த வேர்ட்பிரஸ் 1.2 தயாராக இருந்தது. மலிவான வாடகை சர்வர்களில் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் ஏற்கெனவே குடியிருந்தது இன்னொரு அதிர்ஷ்டம்.

ஆனாலும் அது இன்னமும் டைரிதான். எதை எழுதினாலும் தேதி போட்டு, புதியதை மேலே அடுக்கும். ‘எங்களைப் பற்றி’ என்பதற்கு எதற்குத் தேதி? கடையின் முகவரி போன வார இடுகைகளுக்குக் கீழே புதையலாமா? 2005 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பு, தேதி வரிசையில் சேராத ‘பக்கம்’ என்றொரு வகையைக் கொடுத்தது. தோற்றத்தைச் சட்டைபோல் மாற்றிக்கொள்ளும் தீம்களையும் கொடுத்தது. என்னைக் கேட்டால், வேர்ட்பிரஸ் கடைக்காரருக்காக மறுபடி பிறந்தது அன்றுதான். பதிப்புக்கு வைத்த பெயர் ஸ்ட்ரேஹார்ன். சாக்ஸபோன் வாசிக்கும் முல்லன்வெக்கின் ஜாஸ் மோகம், பெரிய பதிப்புகளுக்கெல்லாம் ஒரு ஜாஸ் கலைஞரின் பெயர்.

அதே ஆண்டின் கடைசியில் 2.0. தடித்த எழுத்துக்குக் குறிநிரல் தட்ட வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும். யாருக்கு எதுவரை உரிமை என்று பெயர் வைத்துப் பிரித்ததும் அதில்தான். தளம் செய்து கொடுக்கிறவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய நிம்மதி. முதலாளிக்கு ‘எடிட்டர்’ சாவியைக் கொடுத்தால் எழுதலாம், படம் போடலாம், தீமைத் தொட முடியாது. ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ சாவியைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தளத்தின் நிறமே மாறியிருப்பதைப் பார்த்தவன் நான்.

இன்று உலகத் தளங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இதில் ஓடுகின்றன. நிறுவும்போது மாதிரிக்காகத் தானே ஒரு இடுகையைப் போட்டுவைக்கும்: “ஹலோ வேர்ல்ட்!” எத்தனையோ கடைகளின் ‘செய்திகள்’ பக்கத்தில் மூன்று வருடமாக அது ஒன்றுதான் செய்தி. கடைக்காரரை உட்காரவைத்து, பொத்தான் பொத்தானாகக் காட்டி, தாளிலும் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். தீபாவளிக்கு முந்தின வாரம் ஃபோன் வரும்.

“தம்பி, எல்லாம் ஞாபகம் இருக்கு. இந்த ஆஃபரை மட்டும் நீங்களே போட்டுடுங்களேன்.”