காரின் ஆயுளைத் தீர்மானிப்பது யார்?

கார் ஓர் இயந்திரம். இயந்திரம் என்றால் தேய்மானம் உண்டு. எண்ணெய் மாற்ற வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும், டயர் மாற்ற வேண்டும். நன்றாகப் பராமரித்தால் இருபது ஆண்டு ஓடும். அலட்சியம் செய்தால் ஐந்தே ஆண்டில் படுத்துவிடும். உலகின் பெரும்பாலான நாடுகளில் ஒரு காரின் ஆயுளைத் தீர்மானிப்பவர்கள் இருவர்: ஒருவர் அதன் உரிமையாளர், மற்றவர் அதைப் பழுதுபார்ப்பவர்.

சிங்கப்பூரில் மூன்றாவதாக ஒன்று உண்டு. அது ஒரு சான்றிதழ். 1990ஆம் ஆண்டு முதல் இங்கு பதிவாகும் ஒவ்வொரு காரும் பத்தாண்டு ஆயுளோடுதான் சாலைக்கு வருகிறது. இயந்திரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த நாள் வந்துவிட்டால் உரிமையாளர் முடிவெடுத்தே ஆக வேண்டும். இந்த நிலை எப்படி வந்தது? காரைப் பேணும் பழக்கத்தையும், பழுதுபார்க்கும் தொழிலையும் அது எப்படி மாற்றியது? இதை அறிய நூறாண்டுக்கும் மேலான வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

காப்பி இயந்திரம் வந்த கதை

சிங்கப்பூருக்கு முதல் கார் 1896ஆம் ஆண்டில் வந்தது. காட்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் இறக்குமதி செய்த பென்ஸ் வண்டி அது. அதை வாங்கி ஓட்டியவர், பழைய சிங்கப்பூரைப் பற்றிய புகழ்பெற்ற வரலாற்று நூலை எழுதிய சார்லஸ் பக்லி. அது எழுப்பிய சத்தத்தையும் புகையையும் கண்ட மக்கள் அதற்குக் ‘காப்பி இயந்திரம்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

இத்தீவில் கார் ஓட்டிய முதல் பெண்மணி திருமதி டேர். அவரது காரின் பதிவு எண் எஸ்-1. தம் வீட்டுத் தோட்டக்காரரான மலாய்க்காரர் ஒருவருக்கு அவரே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தோட்டக்காரர்தான் சிங்கப்பூரில் ஓட்டுநர் உரிமம் பெற்ற முதல் மலாய்க்காரர் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்நாளில் காரோட்டிகளை ‘சைஸ்’ என்று அழைத்தார்கள். குதிரையைப் பராமரிப்பவருக்கு இருந்த பெயர் அது. குதிரை போய் மோட்டார் வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதில் ஒரு பொருத்தமும் இருந்தது. குதிரைக்குத் தீனி வைத்து, தேய்த்துக் குளிப்பாட்டி, லாடம் பார்த்தவரைப் போலவே, காரோட்டியும் காலையில் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் பார்த்து, கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை உசுப்பிவிட வேண்டியிருந்தது. பெட்ரோல் டின்களில் விற்கப்பட்டது. வழியில் நின்றுபோனால் உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது. 1907ஆம் ஆண்டிலேயே காரோட்டிகள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துக்கொண்டதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். இன்று சாலையில் பழுதாகி நிற்கும் கார்களுக்கு உதவும் வாகனச் சங்கத்தின் தொடக்கம் அதுதான்.

கார் ஓடுவதற்குச் சாலை வேண்டுமே! மலாயாவின் பொதுப்பணித் துறையில் சாலை போடவும் பராமரிக்கவும் பெருமளவில் அமர்த்தப்பட்டவர்கள் தென்னிந்தியத் தொழிலாளர்கள். கார் வைத்திருந்தோரின் கதையில் அவர்களது வியர்வைக்கும் பங்குண்டு.

போர்க்காலமும் கரி அடுப்பும்

1926ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் சிங்கப்பூரில் தன் மலாயாக் கிளையைத் தொடங்கியது. 1941ஆம் ஆண்டு அக்டோபரில் புக்கிட் தீமாவில் அதன் புதிய தொழிற்சாலை கட்டி முடிக்கப்பட்டது. நான்கே மாதங்களில், 1942 பிப்ரவரி 15ஆம் தேதி, பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த இடமாக அதே கட்டடம் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோலும் இல்லை, உதிரிப் பாகமும் இல்லை. கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவால் வண்டிகளை ஓட்டினார்கள். புதிய பாகம் கிடைக்காத காலத்தில் ஒரு வண்டியைப் பிரித்து இன்னொன்றை ஓடவைக்கும் கைத்திறன் வளர்ந்தது. பற்றாக்குறைதான் பழுதுபார்ப்பவருக்கு முதல் ஆசிரியர் எனலாம்.

உரிமையாளரே பாதி மெக்கானிக்

போருக்குப் பிந்திய இருபது, முப்பது ஆண்டுகளில்தான் கார் நடுத்தரக் குடும்பங்களின் வாழ்க்கைக்குள் நுழைந்தது. மாரிஸ் மைனர், ஆஸ்டின், ஃபோர்டு ஆங்லியா, வோக்ஸ்வேகன் பீட்டில், பின்னர் டாட்சன் ஆகிய பெயர்களை மூத்த தலைமுறை இன்றும் மறக்கவில்லை.

அந்தக் கார்களை வைத்திருந்தவர் ஓரளவாவது மெக்கானிக்காக இருந்தே தீர வேண்டும். காலையில் ‘சோக்’கை இழுத்துத்தான் இயந்திரத்தைக் கிளப்ப வேண்டும். அதிகமாக இழுத்தால் பெட்ரோல் நிறைந்து பிளக் நனைந்துவிடும். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ‘பாயிண்ட்’ கரிந்தால் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். பேட்டரி இறங்கிவிட்டால் அக்கம்பக்கத்தார் கூடித் தள்ளுவார்கள். ஓட்டுபவர் இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்படும் வரை, கடற்பாலத்தைத் தாண்டிக் கோலாலம்பூருக்கோ ஈப்போவுக்கோ காரில் போவது ஒரு பெரும் பயணம். ரேடியேட்டர் கொதித்து வழியில் நிற்பது சாதாரணம். ஒரு கலனில் தண்ணீர், மாற்று ஃபேன் பெல்ட், சில கருவிகள் ஆகியவை இல்லாமல் விவரம் தெரிந்தவர்கள் புறப்பட மாட்டார்கள். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறக்கக் கூடாது என்ற பாடத்தைச் சிலர் கையைச் சுட்டுக்கொண்டே கற்றார்கள்.

இத்தனை தொல்லையிலும் ஒரு நன்மை இருந்தது. கார் எங்கே வலிக்கிறது என்று சொல்கிறது என்பதை அதன் உரிமையாளர் அறிந்திருந்தார். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் பழுதுபார்ப்பவரை அவருக்குத் தெரியும். அந்த உறவு பல ஆண்டுகள் நீடித்தது.

அரசின் கணக்கு

தீவு சிறியது, சாலைக்கு ஒதுக்கும் நிலத்துக்கும் எல்லை உண்டு. 1975 ஜூன் மாதம் நகர மையத்துக்குள் காலை நேரத்தில் நுழையும் கார்கள் 3 வெள்ளி உரிமச் சீட்டு வாங்க வேண்டும் என்ற திட்டம் நடப்புக்கு வந்தது. நான்கு பேர் பயணம் செய்யும் காருக்குக் கட்டணம் இல்லை. எனவே ஆள் சேர்ப்பதற்காகப் பேருந்து நிறுத்தங்களில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு போன காட்சிகளையும் நகரம் கண்டது. 1998இல் மின்னியல் சாலைக் கட்டண முறை அந்தக் காகிதச் சீட்டுகளுக்கு விடைகொடுத்தது.

அதே 1975இல் வந்த மற்றொரு மாற்றம் அதிகம் பேசப்படவில்லை. ஆனால் காரின் ஆயுளைப் பொறுத்தவரை அதுதான் முதல் திருப்பம். பழைய காரைக் கழித்துவிட்டுப் புதிய கார் வாங்குவோருக்குப் பதிவுக் கட்டணத்தில் சலுகை அளிக்கப்பட்டது. அதாவது, ஓடும் காரை விட, கழிக்கப்படும் காருக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. பழுதுபார்த்து வைத்துக்கொள்வது சிக்கனம் என்ற பழைய கணக்கு அங்கேதான் ஆட்டம் கண்டது.

1981இல் வாகனச் சோதனைக்கென விகாம் நிறுவனம் அமைக்கப்பட்டது. மூன்று வயது முதல் பத்து வயது வரை உள்ள கார்களுக்கு ஈராண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுதோறும் சோதனை. பிரேக், விளக்கு, டயர், புகை அனைத்தும் தேறினால்தான் சாலை வரி புதுப்பிக்க முடியும். இதனால் சாலைப் பாதுகாப்பு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

பத்தாண்டுக் கெடு

1990ஆம் ஆண்டு மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை தொடங்கியது. கார் வாங்குமுன் ஏலத்தில் ‘சிஓஇ’ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழைப் பெற வேண்டும். அது பத்தாண்டுக்கே செல்லும். பத்தாண்டு முடிந்ததும் காரைக் கழிக்கலாம்; அல்லது மூன்று மாதச் சராசரி விலையைச் செலுத்தி ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ புதுப்பிக்கலாம். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் அதன் பிறகு மீண்டும் புதுப்பிக்க வழியில்லை. புதுப்பித்தவருக்குப் பதிவுக் கட்டணத்தில் திரும்பக் கிடைக்கும் தொகை போய்விடும். சாலை வரியிலும் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று கூடி, 50 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் ஏறும்.

சான்றிதழின் விலையோ நிலையாக நின்றதில்லை. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் வெறும் 2 வெள்ளிக்கு முடிந்தது. 2023 அக்டோபரில் அதே பிரிவின் விலை 106,000 வெள்ளி. இரண்டும் ஒரே காகிதத்தின் விலைதான்!

இது வீட்டுக்குள் என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விலை இறங்கிய காலத்தில் நன்றாக ஓடிய கார்களையும் ஐந்தாறு ஆண்டில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினார்கள். விலை ஏறிய காலத்தில் புதிய கார் எட்டாக்கனியானபோது, பழைய காருக்கு மீண்டும் மரியாதை வந்தது. ஒன்பதாவது ஆண்டை நெருங்கும் காரின் உரிமையாளருக்கு ஒவ்வொரு பழுதும் ஒரு கேள்வியாகிறது. ‘இன்னும் பத்து மாதத்தில் கழிக்கப்போகும் வண்டிக்குப் புதிய அதிர்வுத் தாங்கி எதற்கு?’ என்று தள்ளிப்போடுவோர் உண்டு. பராமரிப்பின் அளவுகோல் இயந்திரத்தின் தேவையிலிருந்து நாள்காட்டிக்கு மாறிவிட்டது.

குறைந்த செலவில் கார் வைத்திருக்க விரும்பியோருக்கு 1991இல் வாரயிறுதிக் கார் திட்டம் வந்தது. சிவப்பு எண் பலகை பூட்டிய அந்தக் கார்கள் வார நாட்களில் பெரும்பாலும் கார்நிறுத்துமிடத்தில் தூங்கின. ஓடாத காருக்கும் நோய் உண்டு. பேட்டரி இறங்கும், டயர் தட்டையாகும்.

எல்லையைத் தாண்டிப் பழுதுபார்க்கப் போவதும் வழக்கமாயிற்று. ஜோகூர் பாருவில் கூலி குறைவு, பெட்ரோலும் மலிவு. ஆனால் சிங்கப்பூரில் பதிவான கார் எல்லை தாண்டும்போது பெட்ரோல் தொட்டி பாதியாவது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி 1989இல் வந்தது. 1991இல் அது முக்கால் தொட்டியாக உயர்ந்தது.

பட்டறையின் இடமாற்றம்

பழுதுபார்க்கும் தொழிலும் இதற்கிடையே உருமாறியது. கடைவீட்டு முகப்பிலும் கம்பத்து மரத்தடியிலும் நடந்த பட்டறைகள், நகர் மறுசீரமைப்பின்போது தொழிற்பேட்டைகளுக்கு மாறின. சின் மிங், உபி, காக்கி புக்கிட் ஆகிய பெயர்களைக் கேட்டாலே இன்று நினைவுக்கு வருவது கார் பட்டறைகள்தான். எண்ணெய்க் கழிவு சாக்கடையில் ஓடுவது நின்றது. ஆனால் வீட்டுக்கு அருகில் இருந்த பட்டறைக்காரரும், அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்ற பழக்கமும் போயின.

கார்புரேட்டருக்குப் பதில் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் செலுத்தி வந்தது. கார்கள் முன்னைவிட நம்பகமாயின. காலையில் சோக் இழுக்கும் வேலை இல்லை. 1998 ஜூலையில் ஈயம் கலந்த பெட்ரோல் விடைபெற்றது, காற்றும் தூய்மையானது. ஆனால் காரின் நோயைச் சொல்வது இப்போது காதல்ல, கணினித் திரை. அந்தக் கணினியின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே மருத்துவர்.

இங்கேதான் வாடிக்கையாளரின் உரிமை பற்றிய கேள்வி எழுந்தது. விநியோகிப்பாளரின் பட்டறையிலேயே பராமரிக்க வேண்டும், வெளியே சென்றால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனை பல ஆண்டுகள் இருந்தது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த சட்டம், வாங்கிய ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறைபாட்டுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கியது. கார்களும் அதில் அடங்கும். 2017 டிசம்பரில், போட்டித்தன்மை ஆணையத்தின் தலையீட்டால், வெளிப் பட்டறையில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் ரத்தாகும் என்ற நிபந்தனையை நீக்க கார் விநியோகிப்பாளர்கள் ஒப்புக்கொண்டனர். சிறு பட்டறைகளுக்கு அது மூச்சு விடும் இடத்தைக் கொடுத்தது.

கைத்திறன் யாருக்கு?

1980இல் ஃபோர்டு தொழிற்சாலை மூடப்பட்டது. நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 2023 நவம்பரில் ஜூரோங்கில் ஹூண்டாய் நிறுவனத்தின் நிலையம் திறக்கப்பட்டு, சிங்கப்பூரில் மீண்டும் கார்கள் உருவாயின. ஆனால் அவை மின்சாரக் கார்கள். 2025 தொடக்கம் முதல் புதிய டீசல் கார்களுக்குப் பதிவில்லை. மின்சாரக் காருக்கு இயந்திர எண்ணெய் மாற்ற வேண்டாம், பிளக் இல்லை, புகைக்குழாய் இல்லை. பட்டறைகளின் அன்றாட வருமானத்தில் பெரும்பகுதி இந்த வேலைகளில்தான் இருந்தது. உயர் மின்னழுத்த பேட்டரியைத் தொடுவதற்குத் தனிப் பயிற்சியும் வேண்டும். மூத்த பழுதுபார்ப்பவர்களின் காது கற்ற பாடம் அங்கே செல்லாது.

நெரிசலைக் கட்டுப்படுத்தியதில் சிங்கப்பூர் வெற்றி பெற்றது. பெரு நகரங்கள் பல நின்றபடியே தவிக்கும்போது இங்கு சாலை நகர்கிறது. அதற்காகக் கொடுத்த விலைகளில் ஒன்று, பொருளை நீண்ட நாள் பேணிப் பயன்படுத்தும் பழக்கம். 35 ஆண்டைத் தாண்டிய கார்களுக்குப் பழமை வாகனத் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள் ஓட அனுமதி உண்டு. அந்த 45 நாட்களுக்காக ஆண்டு முழுவதும் துடைத்து, எண்ணெய் விட்டு, உதிரிப் பாகம் தேடி அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைகொடுக்கும் மூத்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அந்தக் கைத்திறனை அடுத்த தலைமுறைக்கு யார் கற்றுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி. சான்றிதழைப் புதுப்பிக்க ஏற்பாடு உண்டு. தொழில் தெரிந்த கை ஓய்ந்துவிட்டால் அதைப் புதுப்பிக்க எந்த ஏலமும் உதவாது.