பிளவுப்பலகைப் பயணம்

பிளவுப்பலகைப் பயணம் என்பது, லிஃப்டும் கம்பிவட ஊர்தியும் இல்லாத பனிமலைகளில், நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் சறுக்குப் பலகையின் உதவியால் நடந்து ஏறி, உச்சியில் அப்பலகையை மீண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்கும் குளிர்கால மலைப்பயணமாகும். இதற்குரிய பலகை ஸ்பிளிட்போர்டு என்றும், பனிச்சறுக்கு மையங்களின் எல்லைக்கு வெளியே விரிந்து கிடக்கும் பராமரிப்பற்ற மலைப்பகுதி பேக்கன்ட்ரி என்றும் உலகெங்கும் வழங்கப்படுகின்றன. சறுக்கு மையங்களுக்குள், அபாயமான சாய்வுகளில் தேங்கிய பனியை ஊழியர்கள் விடியற்காலையிலேயே வெடிவைத்துச் சரித்துவிடுவதும், பாதைகளை இயந்திரத்தால் சமப்படுத்துவதும், அடிபட்டவரைத் தூக்கிச் செல்ல ரோந்துக் குழுவினர் காத்திருப்பதும் வழக்கம். பேக்கன்ட்ரியில் இவற்றுள் எதுவும் கிடையாது. நான்கைந்து மணி நேரம் ஏறிய பின் வாய்க்கும் இறக்கம் பல வேளைகளில் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதைக் கருதினால், இப்பயணத்தைச் சறுக்கு விளையாட்டின் ஒரு கிளை என்று மட்டும் வகைப்படுத்துவது பொருந்தாது என்பது விளங்கும். இதில் செலவாகும் காலத்தின் பெரும்பகுதி ஏற்றத்துக்கும், காலடியில் கிடக்கும் பனியின் நிலையை ஆராய்வதற்குமே போகிறது.

பனிச்சறுக்குப் பலகையின் வரலாறே நடையில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில் ஷெர்மன் பாப்பன் 1965இல் தம் பிள்ளைகளுக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளை இணைத்துச் செய்த ஸ்னர்ஃபர் எனும் விளையாட்டுப் பொருளும், 1977இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் செய்யத் தொடங்கிய பலகைகளும், குன்றின் மேல் கையால் சுமந்து ஏறிப் பயன்படுத்தப்பட்டவையே. 1980களின் தொடக்கத்தில் பெரும்பாலான சறுக்கு மையங்கள் பலகையாளரைத் தம் லிஃப்டுகளில் ஏற்ற மறுத்தன. பின்னர் அத்தடை படிப்படியாக விலகியது. 1998இல் நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெறும் அளவுக்கு நிலைமை மாறியது. எனினும் யூட்டா மாநிலத்தின் ஆல்ட்டா, டியர் வேலி, வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் ஆகிய மூன்று மையங்களில் தடை தொடர்ந்து நீடித்து வந்துள்ளது.

லிஃப்டுகள் திறந்துவிடப்பட்ட பின்னும், மையங்களுக்கு அப்பால் செல்ல விரும்பிய பலகையாளருக்கு வழி எளிதாக இல்லை. கால்களுக்குத் தனித்தனிச் சறுக்குக்கட்டை அணியும் ஸ்கீ வீரர்கள், அவற்றின் அடியில் பட்டை ஒட்டிக்கொண்டு மலையேறும் முறையைப் பல தலைமுறைகளாக அறிந்திருந்தனர். இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டும் பலகையாளரோ, அகன்ற பனிநடைக் காலணிகளை அணிந்து, பலகையை முதுகில் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை புதைந்து புதைந்து ஏற வேண்டியிருந்தது. இக்குறைக்குத் தீர்வு யூட்டாவில், சால்ட் லேக் நகருக்குக் கிழக்கே எழும் வாசாட்ச் மலைத்தொடரின் அடிவாரத்தில் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரெட் கோபர்னிக் தம் பலகையை நெடுக்காக அறுத்துச் செய்த சோதனைகளைக் கண்ட வோய்லே நிறுவனம், அவருடன் சேர்ந்து அக்கருத்தைச் செம்மைப்படுத்தி, 1994இல் ஸ்பிளிட் டிசிஷன் என்ற பெயரில் பிளவுப்பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய பலகையை வீட்டிலேயே வாளால் அறுத்து மாற்றிக்கொள்வதற்கான உதிரிபாகத் தொகுப்பையும் அந்நிறுவனம் விற்றது. தொடக்ககாலப் பயணிகளில் பலர் இவ்வாறு தம் கையால் அறுத்த பலகையிலேயே மலை ஏறினர். கோபர்னிக் பின்னாளில் யூட்டா பனிச்சரிவு மையத்தில் அபாய முன்னறிவிப்பாளராகப் பணியாற்றினார் என்பது இக்கருவிக்கும் பனியறிவுக்கும் உள்ள நெருக்கத்தைக் காட்டுகிறது. ஹெலிகாப்டரிலும் பனி வண்டியிலும் ஏறிச் சென்று சறுக்கிப் புகழ்பெற்ற ஜெரமி ஜோன்ஸ், அவற்றைத் துறந்து நடந்தே ஏறத் தொடங்கியதைக் காட்டும் டீப்பர் என்ற திரைப்படம் 2010இல் வெளிவந்த பின்னரே, இக்கருவி பரவலான கவனத்தைப் பெற்றது.

பிளவுப்பலகையின் நடுவே முனையிலிருந்து வால் வரை ஓடும் பிளவின் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு பதிக்கப்பட்டிருக்கும். முனையிலும் வாலிலும் உள்ள கொக்கிகளும், காலணிப் பூட்டு அமரும் நடுப்பகுதியில் உள்ள வட்டவடிவப் பிடிப்புகளும் இரு பாதிகளையும் இறுக்கிச் சேர்க்கின்றன. ஏறும்போது பாதிகள் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றும் ஒரு காலுக்குரிய சறுக்குக்கட்டையாகிறது. அப்போது காலணிப் பூட்டின் முன்பகுதி மட்டும் ஓர் ஊசியச்சில் மாட்டப்பட்டிருப்பதால், குதிகால் தாராளமாக உயர்ந்து தாழ முடிகிறது. செங்குத்தான இடங்களில் குதிகாலுக்குக் கீழே நிமிர்த்தி வைக்கப்படும் சிறு கம்பி முட்டு, கெண்டைக்காலுக்கு விழும் இழுப்பைக் குறைக்கிறது.

கட்டையின் அடியில் ஒட்டப்படும் ஏறுபட்டையே இம்முறையின் உயிர்நாடி. முற்காலத்தில் கடல்நாயின் தோலால் செய்யப்பட்டதால் இது இன்றும் ஸ்கின், அதாவது தோல், என்றே அழைக்கப்படுகிறது. இப்போது அங்கோரா ஆட்டின் ரோமத்தாலோ நைலானாலோ நெய்யப்படுகிறது. வெல்வெட் துணியை ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பாகவும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் சொரசொரப்பாகவும் இருப்பது போல, இதன் இழைகள் அனைத்தும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஆகவே கட்டை முன்னோக்கி வழுக்கிச் செல்லும். பின்னோக்கி நழுவ முயன்றால் இழைகள் நிமிர்ந்து பனியைப் பற்றிக்கொள்ளும். மறுபுறத்தில் பூசியுள்ள பசை, ஒட்டவும் உரிக்கவும் ஏற்றவாறு எப்போதும் பிசுபிசுப்புடன் இருக்க வேண்டும். அதன்மேல் பனித்தூள் படிந்தாலோ, கடுங்குளிரில் பசை விறைத்தாலோ, பட்டை நடுவழியில் கழன்றுவிடும். அதனால் அனுபவமுள்ளோர் இரண்டாம் ஏற்றத்துக்கு வேண்டிய பட்டையை மடித்துச் சட்டைக்குள் மார்போடு வைத்துச் சூடு குறையாமல் காக்கின்றனர்.

ஏற்றத்தில் கட்டையைத் தூக்கி வைப்பதில்லை. தரையோடு உரசித் தள்ளிக்கொண்டே போவதுதான் முறை. முன்செல்பவர் பதிக்கும் தடத்திலேயே மற்றவர் தொடர்வர். நல்ல தடம் செங்குத்தாக மேலேறாமல் மலையைக் குறுக்காக வெட்டி, திருப்பத்துக்குத் திருப்பம் வளைந்து ஏறும். பனிச்சரிவு பாயக்கூடிய பள்ளங்களைத் தவிர்த்து, மரங்கள் அடர்ந்த முகடுகளைப் பற்றிச் செல்லும். தடத்தின் போக்கைப் பார்த்தே அதைப் பதித்தவரின் அறிவை மதிப்பிட்டுவிடலாம். உடல்வலு உள்ளவர்கள் மணிக்கு 300 முதல் 400 மீட்டர் வரை உயரம் ஏறுவர்.

உச்சியில் நிகழும் உருமாற்றம் சொல்வதற்கு எளிது. வீசும் காற்றில் செய்வதற்குக் கடினம். பட்டைகளை உரித்து, பசைப்பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து மடிக்க வேண்டும். கொக்கிகளிலும் பிடிப்புகளிலும் உறைந்த பனிக்கட்டியைச் சிறு சுரண்டியால் கிள்ளியெடுக்க வேண்டும். பாதிகளை நேராகப் பொருத்திப் பூட்ட வேண்டும். கடுகளவு பனி சிக்கியிருந்தாலும் பூட்டு அமராது. கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துப்போகும். கழற்றாவிட்டால் வேலை ஓடாது. பழகியவர் ஐந்து நிமிடத்தில் முடிப்பதைப் புதியவர் கால் மணி நேரம் செய்துகொண்டிருக்க, வியர்வையில் நனைந்த உடல் அதற்குள் நடுங்கத் தொடங்கிவிடுகிறது. உறைந்த ஏரி, சமவெளியான பள்ளத்தாக்கு போன்ற தட்டையான இடங்களில் ஸ்கீ வீரர் ஊன்றுகோலால் உந்திச் செல்ல, பலகையாளரோ நின்றுவிடுவார் என்பது இக்கருவியின் நீங்காத குறை. ஆனால் புதிதாய்ப் பொழிந்த ஆழமான தூள்பனியில் அகன்ற பலகை மிதந்து செல்லும் இலகுவுக்கு ஈடு வேறில்லை. இத்தனை உழைப்பும் அதற்காகவே மேற்கொள்ளப்படுகிறது.

இப்பயணத்தில் உயிரைப் பறிக்கும் முதன்மைக் காரணம் பனிச்சரிவு. மலைமேல் கிடக்கும் பனி ஒரே பொருளாகத் தோன்றினாலும், ஒவ்வொரு பொழிவும், ஒவ்வொரு காற்றும், ஒவ்வொரு வெயிலும் விட்டுச்சென்ற அடுக்குகளால் ஆனது. வானம் தெளிந்த குளிர் இரவுகளில் மேற்பரப்பில் இறகு போன்ற உறைபனிப் படிகங்கள் முளைக்கின்றன. அடுத்த பொழிவு அவற்றை மூடிவிடுகிறது. பனிப்படலம் மெலிதாகவும் காற்று கடுங்குளிராகவும் இருக்கும் காலத்தில், ஏறத்தாழ சுழியப் பாகையில் இருக்கும் தரைக்கும் மேற்பரப்புக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு, பத்து செ.மீ.க்கு ஒரு பாகை செல்சியசுக்கு மேற்படும்போது, நீராவி பனியின் ஊடாக மேலேறி, பனித்துகள்களைச் சீனி போல ஒட்டாமல் உதிரும் கோணப் படிகங்களாக மாற்றுகிறது. இத்தகைய நலிந்த அடுக்கின் மேல், காற்றால் இறுகிய பனி பாளமாகப் படிந்திருக்கும் நிலைதான் மிகக் கொடியது. ஒரு மனிதனின் எடை அந்நலிந்த அடுக்கை ஓரிடத்தில் நொறுக்கினால், முறிவு நொடிப்பொழுதில் அடுக்கு நெடுகப் பரவி, பாளம் முழுவதும் ஒரே நேரத்தில் கழன்று பாய்கிறது. இத்தகைய பாளச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரையான சாய்வுகளில் நிகழ்கின்றன. சறுக்குவதற்கு இன்பமான சாய்வுகளும் அவையே. விபத்தில் சிக்கியோரில் பெரும்பாலோர் மீது பாய்ந்த சரிவைத் தொடக்கி வைத்தவர் அவர்களுள் ஒருவரே என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை.

மலை சில அடையாளங்களை வெளிப்படையாகவே காட்டுகிறது. அருகிலுள்ள சாய்வில் புதிதாகச் சரிந்த தடம், காலடியிலிருந்து விரல்விட்டு ஓடும் விரிசல், நடக்கும்போது பனியின் அடியிலிருந்து எழும் அமுங்கிய 'வும்ப்' என்ற ஓசை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை; அவ்வோசை நலிந்த அடுக்கு நொறுங்கும் ஒலியேயாகும். வீட்டின் இறவாரம் போல முகட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பனி, காற்று எப்பக்கத்தில் பாளத்தைக் குவித்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். மறைந்திருப்பதை அறியக் குழி தோண்ட வேண்டும். ரான் சிமன்ஹாய்ஸும் கார்ல் பர்க்லண்டும் உருவாக்கிய நீட்டித்த தூண் சோதனையில், 90 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள பனித்தூண் தனித்து வெட்டப்பட்டு, அதன் ஒரு முனையில் மண்வாரியின் தகடு வைக்கப்படுகிறது. அத்தகட்டின் மேல் மணிக்கட்டை அசைத்துப் பத்து முறையும், முழங்கையை மடக்கிப் பத்து முறையும், தோளிலிருந்து கையை வீசிப் பத்து முறையும் தட்டுவர். முறிவு தட்டிய இடத்தோடு நின்றால் ஓரளவு ஆறுதல். தூணின் மறுமுனை வரை ஓடினால் அச்சாய்வைக் கைவிட்டுத் திரும்புவதே அறிவுடைமை. எனினும் ஒரு குழி ஓரிடத்தின் செய்தியை மட்டுமே தரும் என்பதால், சோதனையின் நல்ல முடிவை அனுமதிச் சீட்டாகக் கொள்ளலாகாது.

பனியில் புதைந்தவரை மீட்கும் கடமை முழுவதும் உடன் வந்தோரையே சாரும். வெளியிலிருந்து உதவி வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். 1994இல் வெளியான சுவிட்சர்லாந்துத் தரவுகளின்படி, முழுவதும் புதைந்தவருள் 15 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டோரில் பத்துக்கு ஒன்பது பேருக்குச் சற்று மேலானோர் பிழைத்தனர். 35 நிமிடத்தில் அது பத்தில் மூன்றாகச் சரிந்தது. இதனால் ஒவ்வொருவரும் மூன்று பொருள்களை உடலோடு கொண்டிருப்பது கட்டாயமாகிறது: 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சைகை அனுப்பவும் பெறவும் வல்ல டிரான்சீவர், மடித்து நீட்டும் துழாவுகம்பு, உலோகத் தகடுள்ள மண்வாரி. சரிந்து நின்ற பனி சிமெண்டு போல இறுகிவிடுவதால், தேடலைவிடத் தோண்டலுக்கே மிகுதியான நேரம் பிடிக்கிறது. ஆபத்தான சாய்வில் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே இறங்குவது, மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமலிருப்பது ஆகிய வழக்கங்களும் இக்கணக்கிலிருந்து பிறந்தவையே.

அறிவும் அனுபவமும் நிறைந்திருந்தாலும் மலை எவருக்கும் உறுதி அளிப்பதில்லை என்பதற்கு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ரெவல்ஸ்டோக் நகருக்கு அருகிலுள்ள செல்கர்க் மலைகளில் 2003 ஜனவரி 20 அன்று நேர்ந்த விபத்து துயரமான சான்று. வழிகாட்டிகளுடன் ஏறிக்கொண்டிருந்த 21 பேர் மீது லா டிராவியாட்டா எனும் சாய்வில் பனிச்சரிவு பாய்ந்து 7 பேர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் கிரெய்க் கெல்லி; நான்கு முறை உலகச் சாம்பியனாக விளங்கி, புகழின் உச்சியில் போட்டிகளைத் துறந்து, பலகையோடு மலைகளுக்குத் திரும்பி, அப்போது மலை வழிகாட்டியாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர். அக்குளிர்காலத்தின் தொடக்கத்திலேயே உருவாகிப் புதைந்த நலிந்த அடுக்கு, வாரக்கணக்கில் வலுப்பெறாமல் அடியில் கிடந்தது. அடுத்த பன்னிரண்டு நாளில் அதே மலைத்தொடரின் ரோஜர்ஸ் கணவாய்ப் பகுதியில் 7 பள்ளி மாணவர் மற்றொரு சரிவில் மாண்டனர். இவ்விரு துயரங்களுக்குப் பின் கனடாவில் அபாய அறிவிப்பு முறை சீரமைக்கப்பட்டதுடன், நிலத்தின் அமைப்பைக் கொண்டே பாதைகளைத் தரம் பிரிக்கும் அளவுகோலும் 2004இல் வகுக்கப்பட்டது. இன்றைய அபாய அறிவிப்புகள் ஐந்து படிகளைக் கொண்டவை. அவற்றுள் உயிரிழப்பு மிகுதியாக நேர்வது நான்கிலோ ஐந்திலோ அல்ல, மூன்றில்தான். உச்ச எச்சரிக்கை விடுத்த நாள்களில் மக்கள் மலைக்குப் போவதில்லை. மூன்றாம் படியில் ஆசை எச்சரிக்கையை வென்றுவிடுகிறது.

இந்தியாவில் பேக்கன்ட்ரிச் சறுக்குக்குப் பெயர்பெற்ற இடம் காஷ்மீரின் குல்மர்க். மேற்கிலிருந்து வரும் காற்றழுத்த இடையூறுகள் பீர் பாஞ்சால் மலைத்தொடரில் மோதி இங்கே ஆழமான பனியைப் பொழிகின்றன. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீளும் சில்லாய் கலான் எனும் கடுங்குளிர்ப் பருவமே அப்பனியின் உச்சகாலம். குல்மர்கின் கம்பிவட ஊர்தி 1998இலும் 2005இலும் இரு கட்டங்களாகத் திறக்கப்பட்டு, அஃபர்வத் மலையின் தோள்வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கு ஆள்களைக் கொண்டுசெல்கிறது. பிளவுப்பலகைப் பயணத்திலிருந்து இந்த ஊர்திவழிச் சறுக்கு வேறுபடும் இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. நடந்து ஏறியவரின் கால்கள் பல மணி நேரம் அப்பனியைத் தொட்டு அறிந்திருக்கும். எங்கே அது வெற்றொலி எழுப்பியது, எங்கே காற்று அதை இறுக்கியிருந்தது என்பதை அவர் அறிவார். ஊர்தியில் சில நிமிடங்களில் மேலே வந்திறங்குபவருக்கு அந்த அறிமுகம் வாய்ப்பதில்லை. ரோந்துக் குழு பாதுகாக்கும் பகுதி ஊர்தியை ஒட்டிய ஒரு பள்ளத்தோடு முடிந்துவிட, அதற்கு இருபுறமும் உள்ள சாய்வுகள் அனைத்தும் முழுமையான பேக்கன்ட்ரியே. 2010 பிப்ரவரி 8 அன்று குல்மர்க்கை அடுத்த கிலன்மர்க்கில் பயிற்சியிலிருந்த 17 இராணுவ வீரர்கள் பனிச்சரிவில் உயிரிழந்தனர். இமயமலைப் பகுதிகளுக்கான பனிச்சரிவு முன்னறிவிப்பு, 1969இல் மணாலியில் தொடங்கப்பட்ட பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பாக இருந்து, 2020இல் அது மற்றோர் ஆய்வகத்துடன் இணைக்கப்பட்ட பின் சண்டிகரிலுள்ள பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனத்தால் வெளியிடப்படுகிறது. ஊர்தி எட்டாத முகடுகளுக்கு ஏறுபட்டை ஒட்டி விடியலுக்கு முன்பே புறப்படுவோர், அவ்வறிவிப்பைப் படித்த பின்னும், முதல் சாய்வை அடைந்ததும் மண்வாரியை எடுத்துக் குழி தோண்டவே தொடங்குகின்றனர்.