ரெஸ்பெக்ட் (பாடல்)

ரெஸ்பெக்ட் என்பது அமெரிக்க சோல் இசைப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் எழுதி, 1965 இல் பாடி வெளியிட்ட ஆங்கிலப் பாடலாகும். எனினும் 1967 இல் அரீத்தா பிராங்க்ளின் மீண்டும் பாடிய வடிவமே பரவலாக அறியப்படுகின்றது.

மூல வடிவில், உழைத்து வீடு திரும்பும் ஆண் தன் துணைவியிடம் மதிப்பை வேண்டுகின்றான். பிராங்க்ளின் வரிகள் சிலவற்றை மாற்றி, அதனைப் பெண்ணின் உரிமைக் குரலாக ஆக்கினார். தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூறும் புகழ்பெற்ற பகுதி மூலத்தில் இல்லை. இவ்வடிவில் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் ரெடிங்கின் பதிவு 35 ஆம் இடத்தையும், பிராங்க்ளினின் பதிவு முதலிடத்தையும் பெற்றன. கறுப்பின மக்களின் குடிசார் உரிமை இயக்கத்திலும் பெண்ணுரிமை இயக்கத்திலும் பின்னையதே முழக்கமாக ஒலித்தது. 1967 சூன் மாதம் மான்டரே இசை விழாவில் பாடிய ரெடிங், இப்பாடலை ஒரு பெண் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டதாக மேடையிலேயே வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.