சேராங்கொட்டைப் புள்ளிகள்

பிட், பைட், ரேம், ஸ்டோரேஜ் என்று கணினிக் கடைக்காரர் அடுக்கினால் பலரும் தலையாட்டிவிட்டு விலையை மட்டும் கேட்கிறார்கள். இதெல்லாம் மின்சாரத்தோடு வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய சமாச்சாரம் என்ற எண்ணம்தான் தயக்கத்துக்குக் காரணம். இயந்திரம் புதிது என்பது சரி. ஆனால் அதன் அடியில் இருக்கும் ஏற்பாடு பழையது. வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் கொடுத்த தொழிலே அதை நம்பித்தான் நடந்தது.

1640-இல் புனித ஜார்ஜ் கோட்டையை அமைத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே முக்கியச் சரக்கு துணி. தறியிலிருந்து இறங்கும் கோராத் துணியை வெளுக்காமல் கப்பலேற்ற முடியாது. உவர்மண்ணில் நனைத்து, வெள்ளாவி வைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் காயப்போட்டவர்கள் கோட்டைக்கு வடக்கே குடியிருந்த இடமே இந்தப் பேட்டை. ஏற்றுமதி ஒடுங்கிய பிறகும் ஊர்ச்சலவை இருந்தது. பல வீட்டு வேட்டிகள் ஒரே வெள்ளாவியில் வெந்து, ஒன்றுபோல வெளுத்து வரும். எது யாருடையது? சேராங்கொட்டையில் ஊசியைக் குத்தியெடுத்து, துணியோரத்தில் புள்ளி, கோடு, கூட்டல் குறி என்று வீட்டுக்கொரு சேர்க்கை போட்டு, மேலே சுண்ணாம்பு தடவுவார்கள். கறுத்து ஏறிய அந்தக் குறி, துணி நைந்தாலும் போகாது.

அந்தக் குறிக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. ஒன்று மற்றதிலிருந்து வேறுபட வேண்டும், நிலைக்க வேண்டும், படிப்பவருக்கு வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். கணினியும் இவ்வளவைத்தான் கேட்கிறது. ஓரிடத்தில் புள்ளி உண்டா இல்லையா என்பது ஒரு பிட். அப்படி எட்டு இடங்கள் சேர்ந்தால் ஒரு பைட், அதில் 256 வெவ்வேறு குறிகள் போடலாம். துணியில் ஏறிய குறி, கரண்ட் போனாலும் அழியாத ஹார்ட் டிஸ்க். இன்றைக்கு யார் வீட்டுத் துணி எந்தக் கொடியில் காய்கிறது என்று வெளுப்பவர் மனத்தில் வைத்திருந்து, மூட்டை கட்டியதும் விட்டுவிடுவதுதான் ரேம். 2019-இல் திறந்த வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் காட்டும் க்யூஆர் டிக்கெட்டும் கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம் என்ற இரண்டையே நம்பியிருக்கிறது.

குறி கணக்குப் போடாதே என்று மறுக்கலாம். உண்மைதான், கணக்குப் போட்டது வெளுப்பவரின் தலை, அதுதான் பிராசசர். இந்த வித்தியாசம் பிடிபடாததால்தான் ஒரு டிபி டிஸ்க் வாங்கியும் கணினி ஏன் மெதுவாக ஓடுகிறது என்று குழம்புகிறோம். சேமிப்பு கூடினால் இடம் கூடுமே தவிர வேகம் கூடாது. 1804-இல் பிரான்சின் ஜக்கார்ட் தறி துளையிட்ட அட்டையைப் பார்த்து நெய்தது. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித்தின் இயந்திரம் துளை அட்டைகளை எண்ணியது. குறியை இயந்திரமே படித்த அந்தத் தாவல் நம் சலவைத் துறையில் நடக்கவில்லை. கணினியை இங்கேதான் கண்டுபிடித்தார்கள் என்று பெருமையடிப்பது வீண்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: சாதி சுமத்திய வேலைக்கு இப்படி மெருகேற்றலாமா? கூடாது. எழுத்து எட்டாத தூரத்தில் நிறுத்தப்பட்டவர்கள் வேறு வழியின்றி உருவாக்கிய பதிவேடு இது. ஆனால் அவர்களை எழுத்தறியாதவர் என்று குறித்துக்கொண்ட அதே அரசின் காவல்துறை, அடையாளம் தெரியாத பிணத்தின் சட்டையில் சலவைக் குறியைத் தேடியது. தரவு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்தப் பதிவேட்டின் மைக்கு ஒரு விலையும் இருந்தது. சேராங்கொட்டைப் பால் தோலைப் புண்ணாக்கும். சலவைக் குறி பட்ட இடத்தில் சிப்பாய்களுக்குத் தோல் வெந்து கொப்புளித்ததை, இந்தியாவில் பணியாற்றிய அமெரிக்க இராணுவ மருத்துவர்கள் 1943-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். சிப்பாய்க்குச் சட்டையை மாற்றினால் தீர்ந்தது. கொட்டையைத் தினமும் கையில் பிடித்து ஊசி குத்தியவருக்கு அப்படி மாற்ற எதுவும் இல்லை.