நூலகரைக் கேட்காத நூலக மென்பொருள்: தகவல் முறைமைக் கல்வி குறித்து ஒரு வாதம்

தமிழ்நாட்டில் பி.சி.ஏ. படித்தவர்களிடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்னவென்று விசாரித்தால் ‘நூலக மேலாண்மை’ என்ற விடை அடிக்கடி வரும். மென்பொருள் ஓடும், வைவாவில் மதிப்பெண்ணும் விழும். அதற்காகக் கல்லூரி நூலகரிடம் யாராவது பேசினார்களா என்று மட்டும் தேர்வாளர் கேட்பதில்லை. தகவல் முறைமைகள் என்னும் துறையைக் கணினி அறிவியலின் எளிய பதிப்பாக நாம் கருதிவிட்டதன் விளைவு இது. நிரலுக்கு முந்திய விசாரணையே அத்துறையின் உயிர்நாடி என்பது என் வாதம்.

வணிக வேலைக்கென 1951 நவம்பரில் லண்டனில் ஓடத் தொடங்கிய லியோ கணினியைக் கட்டியவர்கள் தேநீரும் கேக்கும் விற்றவர்கள்: ஜே. லயன்ஸ் நிறுவனத்தார். கணினி என்ற பேச்சே எழாத 1930களில், ஜான் சிம்மன்ஸ் பொறுப்பில், அலுவலக நடைமுறைகளை ஆராய அங்கே தனிப் பிரிவு இருந்தது. எந்தச் சீட்டு எந்த மேசைக்குப் போகிறது, யார் சரிபார்க்கிறார் என்பதையெல்லாம் பல ஆண்டுகள் கவனித்த பின்பே எந்திரம் வந்தது. நம் பாடத்திட்டம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது.

தரவுத்தளங்களை வடிவமைக்க 1970இல் கணினி அறிஞர் காட் முன்வைத்த உறவுநிலை மாதிரியும், 1976இல் பீட்டர் சென் தந்த ஈ-ஆர் மாதிரியும் வகுப்பில் ஒழுங்காகவே நடத்தப்படுகின்றன. ஆனால் ஓர் அட்டவணை இயல்பாக்க விதிகள் அனைத்துக்கும் உட்பட்டிருந்தும் உலகத்தைத் தப்பாகச் சொல்லலாம். பெயரையே பாருங்கள். மு. செல்வியின் ‘மு’ அவள் தந்தை முருகேசன். படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தால் முருகேசன் அங்கே போய் உட்காருவார். வெளிநாட்டு அலுவலகத்தில் செல்வியை ‘மிஸ் முருகேசன்’ என்பார்கள். முருகேசனின் முன்னெழுத்தோ அவருடைய அப்பா பெயர். ஆகவே தந்தைக்கும் மகளுக்கும் குடும்பப் பெயர் வேறு வேறு! கட்டத்தைக் காலியாக விட்டாலும் தப்ப முடியாது: அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’, அதாவது ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று அச்சாகும். இங்கே நிரலில் வழு எதுவும் இல்லை. வடிவமைத்தவரின் கேள்வியில்தான் குறை.

சில குறைகள் சிரிப்போடு போவதில்லை. பிரிட்டிஷ் அஞ்சலகங்களில் 1999 முதல் புழங்கிய ஹொரைசன் மென்பொருள் இல்லாத பணக்குறைவைக் காட்டியது. அதன் கணக்கைச் சான்றாகக் கொண்டு, சிற்றஞ்சலகம் நடத்திய 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த பலரிடம், இப்படி ஒரு சிக்கல் வேறு யாருக்கும் இல்லை என்றே சொல்லப்பட்டது. வழுக்கள் இருந்ததை 2019இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. வழு கணினி அறிவியலின் பாடம். கவுன்டரில் இருந்தவரின் சொல் கணக்கில் ஏறாமல் போனது தகவல் முறைமையின் பாடம். எத்தனை வகுப்பறைகளில் இது பாடமாகிறது?

கேம்பஸ் நேர்காணலில் கோடிங்தானே கேட்கிறார்கள் என்ற மறுப்பு நியாயமானது. நிரல் தெரியாத முறைமை ஆய்வாளர் வெறும் பார்வையாளர்தான். எனவே நிரல் தாள்களைக் குறைக்க வேண்டியதில்லை. ப்ராஜெக்டின் முதல் இரண்டு மாதங்களை மாணவர் மடிக்கணினி இல்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கூட்டுறவுச் சங்கத்திலோ ரேஷன் கடையிலோ கழிக்கட்டும். வைவா மேசையில் பேராசிரியர்களுக்குப் பக்கத்தில் அந்தச் சங்கத்தின் எழுத்தருக்கும் ஒரு நாற்காலி போடலாம். பாதி மதிப்பெண் அவர் கையில் இருக்கட்டும்.